வசனம் இல்லாத எட்டு நிமிடம்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். நான் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முடிவைச் சொல்கிறவர்களை ஒரு வாரம் வெளியே நிறுத்திவிடுவோம். அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்ததே மரியநாதன் அண்ணன்தான். குழுவை நடத்துவது நான் என்பதால் என்னை யாரும் வெளியே தள்ள முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

யோங் பெங்கில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அண்ணன் வீடு. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இருபது வயதில் குளுவாங் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். கொஞ்ச வருடத்தில் கியூசி ஆனார். அதாவது மற்றவர்கள் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிக்கும் வேலை. வெள்ளை வெளிச்சத்தின் கீழே பூதக் கண்ணாடி வழியாக, நாள் முழுக்கப் பச்சை சர்க்யூட் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசி முனை அளவுக்கு ஈயம் வழிந்திருந்தாலும் விட மாட்டார். நல்லதாக இருந்தால் பாஸ். திருத்தக் கூடியதாக இருந்தால் ரீவொர்க். இல்லையென்றால் சிவப்பு வில்லையை ஒட்டி ரிஜெக்ட். இருபத்தேழு வருடம் இதைச் செய்தவருக்கு, வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா? கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாலையில் ஒரு பக்கம் இரண்டு பூ குறைகிறது என்று மேடைக்கே போய்ச் சொன்ன மனிதர் அவர். பெண் வீட்டார் எங்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மானம் போனது.

சினிமாவில் அவருக்குக் கொலைப் படம்தான் வேண்டும். காதல் படத்தில் தப்புக் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம் என்பார். கொலைப் படத்தில் ஒரு தப்பு இருந்தால் கதையே கவிழ்ந்துவிடும், அதுதான் ருசி. வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் விமர்சனம் சொல்வார். வாட்ஸ்அப் வந்த பிறகு குரல் பதிவாக அனுப்ப ஆரம்பித்தார். பஸ்ஸில் வந்தவர்கள், தாமான்காரர்கள் என்று குழுவில் எண்பத்து மூன்று பேர். "போன் பேசுறப்ப வாட்ச் இடது கையில கெடக்கு. போனை வெக்கிறப்ப வலது கைக்கு வந்துருச்சு. வாட்சுக்குக் கால் மொளைச்சிச்சா? ரீவொர்க்." இப்படித்தான் இருக்கும். படத்தைப் பார்க்காதவர்கள்கூட விமர்சனத்தைக் கேட்பார்கள்.

ஊரார் செய்ததையெல்லாம் சோதித்தவர் தன் ரத்தத்தை மட்டும் சோதிக்கவில்லை. இனிப்பு நீர் வியாதி இருக்கிறது என்று தெரியும், மாத்திரையும் வாங்கி வைத்திருந்தார், அது பாட்டுக்கு அலமாரியில் இருந்தது. முதலில் வலது கண் போனது. லேசர், அறுவை என்று என்னென்னவோ செய்தார்கள். ஆறே மாதத்தில் இடது கண்ணிலும் நிழல்தான் மிஞ்சியது. உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், ஐம்பத்து நான்கு வயதில் தொழிற்சாலையில் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் பின்னறைக் கட்டிலில் படுத்தார். பதினொரு மாதம் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். குழுவில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "கண்ணு போன கியூசின்னு யாரும் என்னைப் பாவம் பாக்க வேணாம் வாசுகி." யார் கேட்டாலும் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி கிறிஸ்டின் அக்கா பாலர் பள்ளி ஆசிரியை. இருபது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர். அவர் சொல்லும் கதையில் நரிகூடக் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிடும். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஒரே மகள் ஐலீன் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். நான் தினமும் அந்த வீட்டு கேட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போவேன். "அண்ணன் எப்படிக்கா இருக்காரு?" என்பேன். "இருக்காரு மா" என்பார். சரி என்று போய்விடுவேன்.

அவரை அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பியது ஒரு கொலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் இருக்கும் அமைதி பொறுக்காமல் அக்கா கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்தார். எதுவோ ஒரு பழைய கொலைப் படம். பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"என்ன சத்தம் அது?"

"கதவு."

"எந்தக் கதவு?"

"சமையக்கட்டுக் கதவுங்க. ஒருத்தன் உள்ள வரான்."

"கையில என்ன வெச்சிருக்கான்?"

"தெரியலையே. கையை முதுகுப் பக்கம் மறைச்சிருக்கான்."

"எந்தக் கையை?"

அக்கா பதில் சொல்லத் திரும்பினால், சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கூடத்தில் நிற்கிறார். இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

அன்றிலிருந்து மூன்று வருடம், சனிக்கிழமை இரண்டு மணிக்குப் படம். அக்கா அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, வசனம் இல்லாத இடங்களில் நடப்பதைச் சொல்வார். ஆரம்பத்தில் கொலை விழும் நேரத்தில் சேலையின் பார்டரைச் சொல்லிக்கொண்டிருப்பார், அண்ணன் கத்துவார். "கத்தி எங்க இருக்கு, அதைச் சொல்லு கிறிஸ்டி!" "மேசை மேல. ஆனா மேசை விரிப்பு அழகா இருக்குங்க." போகப் போக அக்கா தேர்ந்துவிட்டார். சட்டைப் பொத்தான், செருப்பில் ஒட்டிய மண், பாதி குடித்த தேநீர் என்று ஒன்றையும் விட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போய்வந்ததும் அண்ணன் விமர்சனத்தைப் பதிவு செய்து அனுப்புவார். குழு துள்ளியது. ஆள் திரும்பி வந்துவிட்டார், முன்னைவிடக் கூர்மையாக வந்திருக்கிறார் என்றார்கள். காது வேறு இப்போது சேர்ந்துகொண்டதே. வெளியே மழை பெய்கிறது, ஆனால் சன்னலைத் திறந்தால் மழைச் சத்தம் கூடவில்லை என்று ஒரு படத்தை ரிஜெக்ட் செய்தார். அவர் வாசலைத் தாண்டாததால், எண்பத்து மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

அந்த விமர்சனத்துக்காகத்தான் அவர் சவரம் செய்தார், அளவாகச் சாப்பிட்டார், புதன்கிழமையே அடுத்த படம் என்ன என்று கேட்டார். அது போய்விட்டால் அவர் மறுபடியும் பின்னறைக்குள் போய்விடுவார். அந்தப் பயம் அக்காவுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். மலை மேல் ஒரு பங்களா. அதில் பக்கவாதம் வந்து எட்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கும் ஒரு முதலாளி. யாரோ அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறார்கள், ஒரு நாள் இறந்துவிடுகிறார். போலீஸ் வருகிறது. குடும்ப டாக்டர் மேல் சந்தேகம், சொத்துக்கு அலையும் தம்பி மேல் சந்தேகம், காவல்காரன் மேல்கூடச் சந்தேகம். எடுத்தவர்களுக்கு என்ன கர்வம் என்றால், கடைசி எட்டு நிமிடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வெறும் படமும் இசையும்தான். நான் சனிக்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டேன். முடிவில் எனக்குக் கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

விஷம் வைத்தது அந்த முதலாளியின் மனைவி.

மறுநாள் மத்தியானம் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன், அண்ணனின் பதிவு வந்தது. ஈரக் கையோடு திறந்தேன். முதல் பாதியை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். போலீஸ்காரர் நடிப்பு பாஸ், பங்களாவின் மரத்தரைச் சத்தம் பாஸ். பிறகு சொன்னார்: "ஆனா முடிவு ரிஜெக்ட்டுங்க. டாக்டர் எதுக்கு விஷம் வெக்கணும்? அவனுக்கு என்ன லாபம்? சொத்துல பங்கு கெடையாது, பகை கெடையாது. காரணமே இல்லாத கொலை. எழுதுனவங்க கடைசி நேரத்துல அவசரப்பட்டுட்டாங்க."

டாக்டரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் குழு பொங்கிவிட்டது. அண்ணே வேற படம் பாத்தீங்களா? எந்த டாக்டர்? ரூபேந்திரன் என்று ஒருவன், ரூபன் என்று கூப்பிடுவோம். முன்பு அண்ணனின் லைனில் வேலை பார்த்தவன், இப்போது ஆயர் ஈத்தாமில் பூந்தொட்டிக் கடைக்கு லாரி ஓட்டுகிறான். அண்ணனிடம் அவன் வாங்காத சிவப்பு வில்லை இல்லை. அவனுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "சார் நல்லா தூங்கிட்டாரு லா. பாக்காமலே விமர்சனம்!" என்று அடித்தான். அதன் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. பதிவை அழித்துவிட்டேன், ஆனால் கேட்டவர்கள் கேட்டாயிற்று. நெத்திலியைப் பூனைக்கு விட்டுவிட்டு செருப்பு மாறியது தெரியாமல் ஓடினேன்.

அண்ணன் கூடத்தில் இருந்தார். நான் பின்பக்கமாகச் சமையலறைக்குப் போனேன். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா சொல்லி வெச்சிருக்கீங்க அண்ணன்கிட்ட? டாக்டர்னு சொல்றாரு?"

அக்கா கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எப்படி மா சொல்லுவேன்? அவரு பக்கத்துல உக்காந்து, அவரு கையைப் புடிச்சிக்கிட்டு, கட்டில்ல கெடக்குற புருசனுக்கு அந்தப் பொண்டாட்டிதான் விஷம் வெச்சான்னு? வாயில வந்தது டாக்டர். சொல்லிட்டேன்."

"படம் தானேக்கா?"

"எனக்குப் படம் இல்ல வாசுகி." அக்கா துணியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அண்ணன் கையில் போன். அவருடைய போன் எழுத்துகளை வாசித்துச் சொல்லும். நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழை அது வாசிக்கும் அழகே தனி. வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். அன்றைக்கு அது ஒவ்வொரு கேலியாக நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்திருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாரோ என்று நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேக்டரியில சந்தேகம் வந்துச்சுன்னா இன்னொரு ஆளைக் கூப்புட்டு மறுபடி பாக்கச் சொல்லுவோம்" என்றார். "வாசுகி, நீ அந்தப் படத்தைப் பாத்துட்ட. சொல்லு. யாரு வெச்சது?"

என் வாய் எப்படிப்பட்டது என்று தாமானுக்கே தெரியும். வாடகைக்கு விட்டால் வீடு வாங்கிவிடலாம் என்று என் கணவர் சொல்வார். அந்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் டாக்டர் என்றால் அவரைக் குழுவில் கோமாளி ஆக்குகிறேன், மனைவி என்றால் அக்காவைக் காட்டிக்கொடுக்கிறேன்.

"நான் சொல்றேன்" என்றார் அக்கா. "மறுபடி போடுறேன். சரியாச் சொல்றேன்."

டிவியைப் போட்டு, கடைசி எட்டு நிமிடத்துக்குத் தள்ளினார். வழக்கம் போல அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். நான் நின்றபடியே இருந்தேன்.

"அந்தம்மா சமையக்கட்டுல நிக்கிறாங்க" என்று ஆரம்பித்தார் அக்கா. "பால் காயுது. மேல் தட்டுல அரிசி டப்பா. அதுக்குள்ள கையை விடுறாங்க. சின்ன பாட்டில், பழுப்பு கலர். மூணு சொட்டு. கலக்குறாங்க. வேகமா இல்ல, சாதாரணமா கலக்குறாங்க. மாடிப்படி ஏறுறாங்க. இப்ப அவரு கட்டில். தலையைத் தூக்கி மடியில வெக்கிறாங்க. ஊட்டுறாங்க. வாயோரம் வழியுது, முந்தானையால தொடைக்கிறாங்க. அவரு அவங்களைப் பாக்குறாரு. அவருக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சேதான் குடிக்கிறாரு."

அக்கா அவசரப்படவில்லை. ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாவின் வெடித்த குதிகால், கட்டில் பக்கத்தில் தரையில் விரித்த பாய், தலையணையில் விழுந்திருந்த பள்ளம். நான் பார்த்தபோது இதில் பாதியைக் கவனிக்கவே இல்லை.

இசை நின்றது.

"அழுதாளா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லங்க. டம்ளரைக் கழுவுனாங்க. ரொம்ப நேரம் கழுவுனாங்க."

"நேத்து டாக்டர்னு சொல்றப்ப உன் குரல் ஓடுச்சு கிறிஸ்டி. எப்பவும் நிதானமாச் சொல்ற ஆளு. தூக்கக் கலக்கம்னு நெனச்சிட்டேன். ஏன் மாத்துன?"

அக்கா டிவியை அணைத்தார். பிறகு என்னை மறந்துவிட்டுப் பேசினார்.

"நானும் கேட்டேங்க. நீங்க அந்த ரூம்ல படுத்தே கெடந்தப்ப. ஒரு நாள் சர்ச்சுல உக்காந்து, ஆண்டவரே இவரை எடுத்துக்கோ, இல்ல என்னை எடுத்துக்கோ, யாரையாவது எடுத்துக்கோன்னு கேட்டேன். கேட்டுட்டு வீட்டுக்கு வந்து உங்களுக்கு ரசம் வெச்சேன். அந்தப் பொம்பளையைப் பாத்தப்ப எனக்கு என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. அதை நீங்களும் கண்டுபுடிச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

எனக்குக் கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. வாசலுக்குப் போனால் செருப்புச் சத்தம் கேட்கும். அப்படியே நின்றேன்.

"எந்த மாசம்?" என்றார் அண்ணன். கியூசி எங்கே போனாலும் கியூசிதான்.

"ஆகஸ்ட்."

"ஆகஸ்ட்ல நான் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, இல்ல? மாசம் முழுக்க."

"தட்டைத் தள்ளிவிட்டீங்க ரெண்டு தடவை."

அண்ணன் கையை நீட்டித் தேடினார். அக்காவின் கை கிடைத்ததும் அதை இரண்டு கையாலும் மூடி நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதார். எதையும் மறைக்காமல், சத்தமாக அழுதார். முப்பது வருடம் பழகிய மனிதர், இப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாசுகி, இன்னும் நிக்கிறியா? மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது. போனை எடுத்துக் குடு. விமர்சனம் தப்பாப் போயிருச்சு, திருத்தி அனுப்பணும்" என்றார்.

"அண்ணே, அவங்களுக்குத் தெரிஞ்சிருமே" என்றேன்.

"தெரியட்டும்."

அந்தப் பதிவை நான் இன்றும் வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"எல்லாருக்கும் வணக்கம். மரியநாதன் பேசுறேன். நான் முன்னாடி போட்ட விமர்சனம் தப்பு. ரூபன் சொன்னது சரி, நான் படத்தைப் பாக்கல. எனக்கு ரெண்டு கண்ணும் போய் நாலு வருசம் ஆச்சு. மூணு வருசமா நான் சொன்ன படமெல்லாம் எம் பொண்டாட்டி கிறிஸ்டின் பாத்து எனக்குச் சொன்னது. அந்தப் பொத்தான், அந்தச் செருப்பு மண்ணு, நீங்க ஆகா ஓகோன்னீங்களே, அதெல்லாம் அவ கண்டுபுடிச்சது. நான் பேர் வாங்கிக்கிட்டேன்.

"இப்ப படத்துக்கு வரேன். கொலை தப்பு, அதுல பேச்சே இல்ல. ஆனா நல்லா பாருங்க. டாக்டர் வரான், தம்பி வரான், போலீஸ் வருது. எல்லாரும் கட்டில்ல கெடந்தவனைப் பாக்க வராங்க. அந்தம்மாவைப் பாக்க ஒருத்தரும் வரல. எட்டு வருசம், ஒரு நாள் லீவு இல்ல. லைன்ல ஒரு ஆப்பரேட்டரை மாத்தி விடாம நிக்க வெச்சா ரிஜெக்ட் பீஸ்தான் வரும். அப்ப நாங்க ரிப்போர்ட்ல ஆப்பரேட்டர் பேரை எழுத மாட்டோம். மாத்தி விடாத சூப்பர்வைசர் பேரைத்தான் எழுதுவோம். எங்க வீட்ல அது என் பேருதான். நாலு வருசம் அவளை மாத்தி விட ஆள் தேடல நான். அவ நின்னுக்கிட்டே இருந்தா. எனக்கு ஒரு கெடுதலும் வராம நின்னா.

"கிறிஸ்டி, தேங்க்ஸ் மா. நேர்ல சொன்னா வேற வேலை இல்லையான்னு கேப்ப. எம்பது பேரு முன்னாடி சொல்றேன். படம் பாஸ்."

அனுப்பிய பிறகு மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. அவர் எழுந்து பின்னறைக்குப் போகவில்லை. பசிக்கிறது, சோறு போடு என்றார். எல்லாரும் கட்டிலில் கிடந்தவனைப் பார்க்க வருகிறார்கள் என்று அவர் சொன்னது மட்டும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நான்கு வருடம் அந்த கேட்டில் நின்று அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டவள் நான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்று ஒரு தடவை கேட்டேனா?

முதலில் என் போன்தான் அடித்தது. ரூபேந்திரன்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது லா" என்றான். "என்னை ஒரு நாள்கூட சும்மா விட்டதில்ல அவரு. ஆனா நான் பன்னெண்டு மணி நேரம் நின்னப்ப, சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டு உக்கார வெச்சதும் அவருதான். சனிக்கிழமை எனக்கு லீவு. நான் வந்து அவருகூட உக்காரட்டா? எனக்குக் கதை சொல்ல வராது. ஆனா என்ன நடக்குதுன்னு பாத்துச் சொல்லத் தெரியும். கிறிஸ்டின் அக்கா எங்கயாச்சும் போய்ட்டு வரட்டும்."

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவன் ஒன்பது மணிக்கே வந்து நின்றான். கடையிலிருந்து ஒரு பூந்தொட்டி கொண்டு வந்திருந்தான். அண்ணன் அதை வாங்கி விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். "இங்க மயிரளவு வெடிப்பு இருக்கு. ரிஜெக்ட்" என்றார். ரூபேந்திரனுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. நாற்பது வயது ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அக்காவுக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. சேலையா சுரிதாரா என்று நான்கு முறை மாற்றினார். மாத்திரை எந்த டப்பாவில், சோறு எவ்வளவு என்று ரூபேந்திரனுக்குப் பாடம் நடத்தினார். நான் பையைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏற்றினேன். கடலைப் பார்த்து எத்தனை வருடம் ஆனது என்று கேட்டேன். ஐலீன் பள்ளியில் படித்தபோது பார்த்தது என்றார். அப்படியானால் மெர்சிங் என்று முடிவு செய்தேன்.

குளுவாங் தாண்டும்வரை பேசிக்கொண்டு வந்தார். திருப்பித் திருப்பி நன்றி மா, நன்றி மா என்றார். நான்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் எதற்கென்று விளக்கத் தெரியாமல் சாலையைப் பார்த்து ஓட்டினேன். கஹாங் வரும்போது பேச்சு நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தலை சன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டார்.

மெர்சிங் படகுத்துறையில் சனிக்கிழமைக் கூட்டம். தீவுக்குப் போகிறவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு கத்திக்கொண்டு போனார்கள். பக்கத்தில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அக்கா அசையவில்லை. மர நிழலாகப் பார்த்துக் காரை நிறுத்தி நான்கு சன்னலையும் இறக்கிவிட்டேன். எழுப்பலாமா என்று கையை நீட்டி, எடுத்துக்கொண்டேன். வெளியே ஒரு சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்து பொரித்த வாழைப்பழம் வாங்கித் தின்றேன். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. இப்படி ஒரு தூக்கத்தை இத்தனை வருடமும் எங்கே வைத்திருந்தாரோ என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே தின்றேன்.

நான்கு மணிக்குக் கண்ணைத் திறந்தார். கன்னத்தில் சீட் பெல்ட்டின் தடம். என்னையும் படகுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மணி என்ன மா?"

"நாலு."

"அலமாக்! ஏன் எழுப்பல? கடலையே பாக்கலயே நான்."

"அது எங்க போயிரப் போகுது? அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். ரூபன் நாயகியோட சேலையைப் பத்திச் சொல்லவே மாட்டேங்குறானாம், சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க இன்னும் கொஞ்சம் தூங்குங்கக்கா."

நிஜமாகவா என்று கேட்பது போல் என்னைப் பார்த்தார். பிறகு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினார். நான் காருக்கு வெளியே அவர் மேல் வெயில் விழும் பக்கமாக வந்து மறைத்து நின்றுகொண்டேன்.